ஒரு மணி நேரத்துக்குள்

சதாபிஷேக மலரின் அச்சுப்படியை மகன் வரத் கொண்டுவந்து கொடுத்தபோது, ஸௌரிராஜன் மூன்றாவது பக்கத்திலேயே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி உறவுக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். 'நம் குலத்து ரத்தம் மற்றவர் ரத்தம் போன்றதல்ல என்று நம் ஸ்வாமி விஞ்ஞான பூர்வமாக நிரூபித்து உலகத்தாரின் வாயை அடைத்தார்' என்று ஒரு வரி. கீழே அவருடைய நாற்பது வயதுப் படம், சுற்றிலும் தாமரைப்பூ.

வாயில் கெட்டுப்போன எதையோ வைத்ததுபோல் இருந்தது அவருக்கு. முப்பத்தாறு வருஷம் திருப்பதியில் மருத்துவ மாணவர்களுக்கு உடலியல் சொல்லிக்கொடுத்தவர், அவ்வளவு வருஷமும் ரத்தத்தின் சிவப்பணு ஒன்றையே குடைந்தவர். அந்த அணு ஒரு சின்னப் பை. பைக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். வெளியே இருக்கும் சோடியம் ஓயாமல் உள்ளே கசியும். பையின் சவ்வில் இருக்கும் பம்ப்பு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். பம்ப்பு நின்றால் பை ஊதி வெடித்துவிடும். இதில் குலம் எங்கே வந்தது, வாயை அடைப்பது எங்கே வந்தது?

ஆனால் குலம் வந்திருந்தது. கொண்டுவந்தவரும் அவரேதான். 1989இல் அவர் எழுதிய கட்டுரை, கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பங்களில் அறுபத்திரண்டு பேருடைய ரத்தத்தையும், நகரி, புத்தூர் பக்கத்து வேளாண் குடும்பங்களில் எழுபத்தொரு பேருடைய ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. முதல் கூட்டத்தின் அணுக்களில் சோடியம் எட்டு. இரண்டாவது கூட்டத்தில் பன்னிரண்டு. நகரிக்காரர்களுக்குப் பம்ப்பு பிறவியிலேயே மந்தம், ரத்தக்கொதிப்பு வரும் வழி இதுதான் என்பது முடிவு. வெளிநாட்டுப் பத்திரிகை அதை அப்படியே போட்டது. பாடப்புத்தகம் ஒன்றின் அடிக்குறிப்பில் அவர் பெயர் ஏறியது. அந்த அடிக்குறிப்பைப் பெருமாள் பிரசாதம்போல் வீட்டில் எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

பேனாவை எடுத்து, உலகத்தாரின் வாயை அடைத்த பகுதியை மட்டும் அடித்தார். மீதியை விட்டுவைத்தார். மீதி பொய்யில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தார்.

இரண்டு நாள் கழித்து யசோதா வந்தாள். அவரிடம் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய கடைசி மாணவி. நகரிக்காரி. இப்போது ஐம்பத்திரண்டு வயது, சித்தூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் உடலியல் துறைத் தலைவி. தம்மிடம் படித்தவர்களில் எதிர்க்கேள்வி கேட்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான் என்று அவரே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, மடிக்கணினியைத் திறக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

அவருடைய ஆய்வையே அவள் திரும்பச் செய்திருந்தாள். கோயில் குடும்பங்களில் நூறு பேர், நகரி பக்கத்தில் நூறு பேர். எல்லோர் ரத்தத்தையும் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அளந்தாள். இரண்டு பக்கமும் எட்டு. வித்தியாசமே இல்லை. அதற்கப்புறம் இரண்டு பக்கத்திலிருந்தும் ரத்தம் பிடித்த கொஞ்சம் குழாய்களை ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் ஒரு மணி நேரம் உடம்புச் சூட்டில் வைத்து எடுத்து அளந்து பார்த்தாள்.

"பன்னெண்டு வருது சார். நீங்க போட்ட நம்பர் அப்படியே வருது. எங்காளுங்க ரத்தத்துல மட்டும் இல்ல, உங்காளுங்க ரத்தத்துலயும். நம்ம வரத் சார் கூட ரத்தம் குடுத்தாரு. அவரு டியூபையும் ஃப்ரிட்ஜ்ல வச்சோம். காலைல அவரும் நகரிக்காரரா ஆயிட்டாரு சார்."

சிரிக்காமல்தான் சொன்னாள். அதனாலேயே அது அவர் முகத்தில் அறைந்தது. குளிரில் பம்ப்பு தூங்கும், கசிவு தூங்காது, சோடியம் உள்ளே சேரும் என்பதை முதலாண்டு மாணவனுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவருக்கே ஒருத்தி வந்து பாடம் எடுக்கிறாளா? கூடத்தில் இருந்த ஊதுவத்தி வாசனையே அவருக்கு ஒவ்வாமல் போயிற்று.

அவர் எழுந்து நின்றார். அந்த வீட்டில் அவர் எழுந்தால் வந்தவர் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். உருவாக்கினதற்கு நல்ல கைம்மாறு என்று மட்டும் சொன்னார். யசோதாவும் எழுந்தாள், ஆனால் வாசல் பக்கம் திரும்பவில்லை. தன் கட்டுரை இரண்டு மாதத்தில் வெளிவரும் என்றாள். அதற்கு முன்னால் அவரே பழைய கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் நல்லது என்றாள்.

"இன்னொருத்தர் சொல்லி நீங்க எடுத்தாப்பல இருக்கக் கூடாது சார். அதுக்குத்தான் முன்னாடியே வந்தேன். நகரி டியூபுங்க எப்படி வந்துச்சு, எங்க இருந்துச்சுன்னு உங்க நோட்டுல இருக்கும். ஒருக்கா பாருங்க."

அவள் போனபிறகு மாடி அலமாரியிலிருந்து பச்சைக் காலிகோ அட்டை போட்ட நோட்டுகளை இறக்கச் சொன்னார். அவருடைய கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எடுத்த நேரம் ஒரு பத்தியில், அளந்த நேரம் இன்னொரு பத்தியில். கோயில் குடும்பத்துக் குழாய்கள்: விடியற்காலை ஐந்து பத்து, ஐந்து ஐம்பது. ஐந்து இருபது, ஆறு. நகரிக் குழாய்கள்: பிற்பகல் இரண்டரை, மறுநாள் காலை ஆறே கால். மூன்று மணி, மறுநாள் காலை ஆறரை. பக்கம் பக்கமாக இப்படியே.

கட்டுரையில் என்ன எழுதியிருந்தார்? எல்லா மாதிரிகளும் ஒரு மணி நேரத்துக்குள் அளக்கப்பட்டன. எந்தக் கணத்திலிருந்து ஒரு மணி நேரம் என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சூட்டில் வைத்ததிலிருந்து அவர் எண்ணியிருந்தார். ஒரு மணி நேரச் சூட்டில் பம்ப்பு எழுந்து, ராத்திரி கசிந்ததையெல்லாம் வெளியே தள்ளிவிடும் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். தள்ளிவிட்டதா என்று ஒரு நாளும் சோதித்துப் பார்க்கவில்லை. அதைத்தான் யசோதா சோதித்துப் பார்த்திருக்கிறாள்.

ஏன் அப்படி நடந்தது என்பதற்கு நோட்டு தேவையில்லை, அவருக்கே தெரியும். அவர்கள் வீட்டில் ரத்தம் தீட்டு. காலையில் ஸ்நானத்துக்கு முன்னால் அதைத் தொடலாம், தொட்டுவிட்டுக் குளித்தால் சரியாகிவிடும். உறவுக்காரர்களும் அதே கணக்கில்தான் விடியற்காலையில் வந்து கையை நீட்டினார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வீடு திரும்பித் தீர்த்தமாடி, திருமண் இட்டுக்கொண்டு, பரம்பரையாக வந்த பிரபந்த கோஷ்டிக்குக் கோயிலுக்குப் போவார். அதற்குப்பின் ரத்தம் பிடித்த குழாய்கள் இருக்கும் அறைக்குள்கூட நுழையமாட்டார். நகரி முகாமிலிருந்து வரும் பஸ் ஆறு மணிக்குத்தான் திருப்பதிக்கு வரும். சோடியத்தை அளக்கும் சுடரொளி மானியை வேறு யாரிடமாவது விட்டிருக்கலாம், மாணவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் பிறத்தியார் கை பட்ட எண்ணை அவர் நம்பமாட்டார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் மறுநாள் காலை அவர் டாக்ஸி வைத்துக்கொண்டு சித்தூருக்குக் கிளம்பினார். கங்கையாவைப் பார்க்க. கங்கையா அவருடைய ஆய்வுக்கூடத்து உதவியாள். நகரிக்குப் போய்க் குழாய்களை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தவன். சில நாளாவது அவன் சோம்பேறித்தனத்தால் குளிர்பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான், கேட்டால் ஒப்புக்கொள்வான் என்று அவர் மனசுக்குள் ஒரு மூலை எதிர்பார்த்தது. அந்த மூலையை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனார்.

ஆனி மாதம். சித்தூர் எல்லையில் மாங்கூழ் ஆலைகளுக்கு முன்னால் லாரிகள் வரிசை கட்டி நின்றன. சாலையோரம் கொட்டிய தோலும் கொட்டையும் புளித்து நுரைத்து, மேலே ஈ மொய்த்தது. கண்ணாடியை ஏற்றியும் அந்த இனித்துக் கெட்ட நாற்றம் உள்ளே வந்தது. கங்கையாவின் மகள் வீடு அங்கிருந்து இரண்டு தெரு.

எழுபத்தாறு வயதில் கங்கையா இன்னும் ஒடிசலாக நிமிர்ந்து இருந்தான். அவரைக் கண்டதும் கட்டிலைத் துடைத்தான், மகளை மாம்பழச் சாறு கொண்டுவரச் சொன்னான். நகரி ரத்தத்தை யார் குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னது என்று ஸௌரிராஜன் நின்றுகொண்டே கேட்டார்.

"மீரே கதா சார் செப்பிந்தி" என்றான் கங்கையா, இதென்ன கேள்வி என்பதுபோல. "நீங்கதானே சார் சொன்னீங்க. நான் பொட்டியத் தூக்கிக்கினு நேரா உங்க வூட்டாண்ட வந்துட்டேன். நீங்க குளிச்சிட்டு, நாமம் போட்டுக்கினு கோயிலுக்குக் கிளம்பிக்கினு இருந்தீங்க. அங்கயே நில்லு, கிட்ட வராதேன்னீங்க. ஃப்ரிட்ஜ்ல வைன்னீங்க. நானே கேட்டேன் சார். க்ளாஸ்ல குளிர் பட்டா பம்ப்பு தூங்கிடும்னு சொல்றீங்களே, வக்கலாமான்னு."

"நான் என்ன சொன்னேன்?"

"காலைல எழுப்பிக்கலாம் போடான்னீங்க." கங்கையா சிரித்தான். "அன்னிக்கெல்லாம் அதயே நெனச்சி நெனச்சி சிரிச்சிக்கினு இருந்தேன் சார்."

நாலாவது வகுப்போடு நின்றவன், கரும்பலகையைத் துடைக்க வந்த இடத்தில் காதில் விழுந்ததை வைத்துச் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறான். வாசற்படிக்கு உள்ளே நின்றுகொண்டு, திருமண் காயாத நெற்றியோடு, அவர் வேடிக்கை பேசி அனுப்பியிருக்கிறார்.

அவர் முகத்தைப் பார்த்துக் கங்கையாவுக்கு ஏதோ விளங்கிவிட்டது. பேப்பரில் ஏதும் சிக்கலா என்று கேட்டான். பிறகு, வெற்றிலைப் பெட்டியை நகர்த்துவதுபோல் சாதாரணமாக, "என் பேரப் போட்டுக்குங்க சார். அட்டெண்டர் தப்பா வச்சிட்டான்னு எழுதிடுங்க. நான் ரிட்டயர் ஆனவன். என்னை என்ன பண்ணப் போறாங்க?" என்றான்.

ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், ஸௌரிராஜனுக்கு நெஞ்சு லேசாயிற்று. எல்லாம் சரியாகிவிட்டதுபோல் இருந்தது. அப்புறம்தான் அந்த லேசுத்தனம் எதனால் வந்தது என்று அவருக்கு உறைத்தது. எண்பது வருஷத்தில் எந்த அழுக்கைப் பார்த்தும் அவர் அப்படி அருவருத்ததில்லை. மகள் நீட்டிய சாற்றை வாங்காமல் கையைக் கூப்பிவிட்டு வெளியே வந்து, காரின் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

திருப்பதிக்குத் திரும்பியபோது வரத் காத்திருந்தான். அவனே ஒரு மருத்துவன், ஊரில் பரிசோதனை நிலையம் வைத்திருப்பவன், யசோதாவிடமிருந்து விஷயத்தைத் தெரிந்துகொண்டிருந்தான். பத்திரிகைக்கு ஒரு கடிதமும் தட்டச்சு செய்து வைத்திருந்தான். 'உதவியாளர் ஒருவரின் கவனக்குறைவால் மாதிரிகளில் ஒரு பகுதி குளிர்பதனத்தில் வைக்கப்பட்டது அண்மையில் தெரியவந்தது.' சதாபிஷேகம் முடிந்ததும் அனுப்பிவிடலாம், மலரில் அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும் என்றான்.

ஸௌரிராஜன் காகிதத்தை மடித்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். குளித்துவிட்டு வந்து, மேஜையில் உட்கார்ந்து, கையாலேயே எழுதினார். எட்டு வரி. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். நகரி மாதிரிகள் யாவும் பதினான்கு மணி நேரத்துக்குமேல் குளிரில் இருந்தன. மாலை ஸ்நானத்துக்குப் பிறகு ஆய்வாளர் ரத்தத்தைத் தொடுவதில்லை என்ற அவருடைய சொந்த வழக்கமே இதற்குக் காரணம். வேறு எவர் கையிலும் அளக்கும் வேலையை அவர் விடவில்லை. ஒரு மணி நேரம் என்று எழுதியது உண்மையல்ல. அது உண்மையல்ல என்று எழுதும்போதே ஆய்வாளருக்குத் தெரிந்திருந்தது.

வரத் அவர் தோளுக்குமேல் படித்தான். திரும்பப் பெறுவதில் அவனுக்கு மறுப்பில்லை. ஆனால் ஸ்நானத்தை எதற்கு எழுத வேண்டும் என்றான். குளிர்பெட்டி என்று மட்டும் எழுதினால் போதாதா? இதை வைத்து வலைதளத்தில் கேலிப்படம் போடுவார்கள். சம்பந்தி வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது? கோஷ்டியில் யார் பக்கத்தில் உட்காருவார்கள்?

"குளிர்பெட்டின்னு எழுதினா, யார் வெச்சான்னு அடுத்த கேள்வி வரும். அப்போ என்ன சொல்லப் போறே?"

வரத் கையிலிருந்த கடிதத்தை இன்னும் சின்னதாக மடித்தான்.

"நம்மாத்துப் பேரைக் கங்கையா முதுகுல ஏத்தி அனுப்பிக் காப்பாத்தற நிலைமைக்கு நாம இன்னும் வரலைடா. கேலி பண்ணட்டும். நான் பண்ணினதைத்தானே கேலி பண்ணுவா."

மலரில் அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார். வேறு என்ன போடுவது என்று வரத் கேட்டதற்கு, தாமரைப்பூவை மட்டும் போடு என்றார்.

கடிதத்தின் நகலை யசோதாவிடம் நேரில் கொடுக்கவேண்டும் என்று மறுவாரம் மறுபடி சித்தூர் போனார். அவளுடைய அறையில் குளிர்பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். புகழவில்லை, கண்கலங்கவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது. மடித்து மேஜைமேல் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார். இத நான் உங்ககிட்ட எந்தக் காலத்துலயும் சொன்னதில்ல. உங்க நோட்டுல முப்பத்தி நாலாம் நம்பர் கோவர்த்தனன்னு இருக்கும். அது எங்க நைனா."

நகரி பக்கத்தில் ரத்தம் கொடுத்தவர்களுக்கு முடிவு தெரிந்தபின் ஆளுக்கொரு சீட்டு எழுதி அனுப்பியது அவருக்கு நினைவு வந்தது. உங்கள் ரத்தம் உப்பைத் தேக்கிவைக்கும் இயல்புடையது, உப்பை அறவே தவிர்க்கவும் என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதி, கீழே கையெழுத்து. ஒரு தர்மகாரியம் செய்த திருப்தியோடு எழுபத்தொன்றிலும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அந்தச் சீட்டுக்குக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்காரு. முப்பத்தாறு வருஷமா உப்பில்லாத கூழுதான் துன்றாரு. ஊறுகா கிடையாது, கருவாடு கிடையாது. சித்திர வெயில்ல ஏர் ஓட்டிக்கினு இருந்தவரு, ரெண்டு தபா கொல்லையிலயே மயங்கி விழுந்தாரு. உப்புப் பத்தாமதான் நைனான்னு நான் டாக்டருக்குப் படிச்சிட்டு வந்து சொல்றேன், கேக்கல. பெரிய டாக்டரய்யா எழுதிக் குடுத்திருக்காருன்றாரு."

ஸௌரிராஜன் உடனே அவள் அப்பாவுக்கு ஃபோனைப் போடச் சொன்னார்.

மணி அடித்து, நீண்ட இருமலுக்குப் பிறகு ஒரு கிழக்குரல் வந்தது. யார் பேசுகிறார் என்று யசோதா சொன்னதும், எதிர்முனையில் அந்த மனிதர் எழுந்து நின்றுகொண்டார் என்பது கட்டில் கிறீச்சிட்டதில் தெரிந்தது.

"டாக்டரய்யாவா? நல்லாக்கீறீங்களா சாமி? நீங்க சொன்னதுலேர்ந்து ஒரு கல்லு உப்பு வாயில வச்சதில்ல. எங்க பங்காளிங்க அத்தினி பேரும் போயிட்டாங்க, நான் ஒருத்தன்தான் நிக்கிறேன். இது நீங்க குடுத்த உசுரு."

ஸௌரிராஜன் தாம் அன்று எழுதியது தப்பு என்றார். அவர் ரத்தத்தில் எந்தக் குறையும் இல்லை, மற்றவர்களைப்போல அவரும் உப்புப் போட்டுச் சாப்பிடலாம் என்றார். யாரிடமும் அவர் இந்தக் குரலில் பேசியதில்லை.

கோவர்த்தனன் கொஞ்சம் யோசித்தார். பிறகு ரகசியம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு பக்கத்துல கீறாளா சாமி? அவ சொல்லித்தானே சொல்றீங்க. அவ சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், நச்சரிச்சிக்கினே இருப்பா. நீங்க மனசுல வச்சிக்காதீங்க. நீங்க தப்பா எழுதற ஆளா?"

யசோதா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸௌரிராஜன் ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். நாற்காலியில் முதுகு சாயாமல் நேராக உட்கார்ந்தார்.

"கோவர்த்தனன், நீங்க உக்காருங்கோ. நான் சொல்றதைக் கடைசி வரைக்கும் கேளுங்கோ. உங்க ஊர்ல ரத்தம் எடுத்த அன்னிக்கு, அந்தப் பெட்டியைத் தூக்கிண்டு ஒருத்தர் எங்காத்து வாசல்ல வந்து நின்னார். நான் உள்ளே நின்னுண்டு, கிட்ட வராதேன்னு சொன்னேன்..."